போட்டோ இருக்கு... பேர் எங்கே?

2014-ம் வருஷம் மே மாதம் அம்பாஸடர் கார் தயாரிப்பை நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? 'ஒரு சகாப்தம் முடிந்தது' என்று ஆளாளுக்கு உருகினார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் மட்டும் உருகவில்லை. மறுநாள் காலை சாவியைத் திருகினார்கள். வண்டி உறுமியது. ஏறிப் போய்விட்டார்கள். கோளாறு என்றால் ஒரு மெக்கானிக், ஒரு வெல்டிங் கடை, பழைய இரும்புக் கடையில் கழற்றிப் போட்ட ஒரு பார்ட். கம்பெனி கைகழுவினாலும் கார் கார்தான்.

அடுத்த மாதமே, ஜூன் 27-ம் தேதி, அமெரிக்காவில் இன்னொரு சமாச்சாரத்துக்கு மூடுவிழா அறிவித்தார்கள். அதற்கு டயர் கிடையாது. ஆப்பிள் கம்பெனியின் 'அபெர்ச்சர்' என்ற போட்டோ எடிட்டிங் ஸாஃப்ட்வேர்.

2005-ல் வந்தபோது அதன் விலை 499 டாலர். கல்யாண போட்டோகிராபர்கள், பத்திரிகை போட்டோகிராபர்கள் என்று காமிராவை வைத்துச் சோறு தின்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அதில் கொட்டுவது, நல்லதற்கு நட்சத்திரம் போடுவது, வெளிச்சம் திருத்துவது, வெட்டுவது என்று வருஷக்கணக்கில் உழைத்தார்கள். 2011-ல் விலை திடீரென்று 79.99 டாலர் ஆனது. 'ஆஹா, ஆடித் தள்ளுபடி!' என்று இன்னும் நிறையப் பேர் வாங்கினார்கள். மூன்றே வருஷம். 'இனிமேல் இதை வளர்க்கப் போவதில்லை' என்று ஆப்பிள் சொல்லிவிட்டது.

பதிலுக்கு 2015 ஏப்ரலில் 'போட்டோஸ்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பழைய படங்களை அதற்குள் கொண்டுபோகலாம். போனது. ஆனால் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தீர்களே, அந்த வசதி புதியதில் இல்லை. அதனால் 'ஐந்து நட்சத்திரம்' என்ற குறிச்சொல்லாக அதை மாற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். நெற்றியில் இருந்த பொட்டை அழித்துவிட்டு, 'இங்கே பொட்டு இருந்தது' என்று சீட்டு ஒட்டுகிற மாதிரி!

'சரி, எதிர்க்கடைக்கே போறேன்' என்று அடோபியின் லைட்ரூமுக்கு மாறியவர்களுக்கு வேறு கஷ்டம். படம் வந்தது, நட்சத்திரம்கூட வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து செய்த வெளிச்சத் திருத்தங்கள் வரவில்லை. 2019-ல் வந்த 'காடலினா' ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அபெர்ச்சர் திறக்கவே மறுத்துவிட்டது.

அம்பாஸடருக்கும் இதற்கும் வித்தியாசம் புரிகிறதா? இங்கே காரை மட்டும் நிறுத்தவில்லை. ரோட்டையே மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

*

'ஆப்பிள், 499 டாலர்... நமக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் ஸார்' என்கிறீர்கள். வாஸ்தவம். நம் ஊர் ஆசாமிக்கு வருவோம். பிகாசா!

இந்தப் பேரைக் கேட்டதும் முப்பது தாண்டிய எல்லோர் முகத்திலும் ஒரு புன்னகை வரும். டிஜிட்டல் காமிராவில் சித்தி பெண் கல்யாணத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, எல்லோர் முகமும் கருப்பாக இருக்க... 'ஐ ஆம் ஃபீலிங் லக்கி' என்று ஒரு பட்டன். அதை ஒரு தட்டு தட்டினால் மாப்பிள்ளை பளிச்சென்று ஆகிவிடுவார். 'ஃபில் லைட்' என்று ஒரு நகர்த்தான். அதை லேசாகத் தள்ளினால் ஜன்னலுக்கு முன்னால் நின்று இருட்டடித்த மாமாவும் வெளிச்சத்துக்கு வருவார். போட்டோஷாப் படித்தவன்தான் இதையெல்லாம் செய்ய முடியும் என்றிருந்ததை மாற்றி, பாங்க் கிளார்க்கையும் எடிட்டர் ஆக்கியது பிகாசா.

அமெரிக்காவில் லைஃப்ஸ்கேப் என்ற சின்னக் கம்பெனி செய்தது அது. ஓவியர் பிகாஸோவின் பேர், ஸ்பானிஷ் மொழியில் 'என் வீடு' என்று சொல்கிற 'மி காசா', படத்துக்கு 'பிக்', மூன்றையும் கலந்து வைத்த பேர். 2004 ஜூலையில் கூகுள் அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2009-ல் முகம் கண்டுபிடிக்கிற வித்தையையும் சேர்த்தார்கள். 'இது யார்?' என்று அது கேட்கும். 'ராஜாமணி அத்தை' என்று நீங்கள் சொல்ல வேண்டும். அப்புறம் மற்ற படங்களில் அத்தையைத் தேடிப் பிடித்து, 'இதுவும் அத்தைதானே?' என்று கேட்கும். சில சமயம் மாமாவைக் காட்டிக் கேட்கும். அது வேறு விஷயம்.

2016 பிப்ரவரி 12-ம் தேதி கூகுள் அறிவித்தது. மார்ச் 15-க்குப் பிறகு கம்ப்யூட்டர் பிகாசாவுக்கு ஆதரவு கிடையாது. இன்டர்நெட்டில் இருந்த பிகாசா ஆல்பங்களையும் மே மாதத்திலிருந்து படிப்படியாக மூடுவார்கள். காரணம்? முந்தைய வருஷம் ஆரம்பித்த 'கூகுள் போட்டோஸ்' என்ற ஒன்றிலேயே முழுக் கவனமும் செலுத்தப் போகிறார்களாம். அறிவிப்பின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பிகாசாவை விட்டு நகர்கிறோம்'. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், 'நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்' என்று மரியாதையாக லெட்டர் போடுவதில்லையா, அந்தத் தொனி.

ஏற்கெனவே கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு அது தொடர்ந்து ஓடும், புதிதாக எதுவும் வராது என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வரிதான் என் பெரியப்பாவுக்கு வேதவாக்கு.

பெரியப்பா திருச்சியில் இருக்கிறார். ரிட்டயர் ஆன மனுஷர், வயசு எழுபத்தெட்டு. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்றைக்கும் பிகாசா. குடும்பத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையெல்லாம் ஸ்கான் பண்ணி, ஒவ்வொரு முகத்துக்கும் பேர் போட்டு வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது பேச்சு வந்தது.

"பெரியப்பா, இதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. தெரியுமா?"

"யாரு நிறுத்தினா?"

"கம்பெனி."

"காலைல கூட ஓடிச்சேடா!"

"ஓடும். ஆனா கம்ப்யூட்டர் மாத்தினா..."

"நான் எதுக்கு மாத்தறேன்? உங்க பெரியம்மாவையே ஐம்பது வருஷமா மாத்தலை."

உள்ளேயிருந்து பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. தற்செயலாகத்தான் இருக்கும்.

"சரி பெரியப்பா, இந்தப் பேரெல்லாம் எங்கே இருக்குன்னு தெரியுமா?"

"போட்டோல இருக்கு. பாரு, மவுஸை வெச்சா தெரியுது."

அங்கேதான் விஷயம். மவுஸை வைத்தால் தெரிகிறது. ஆனால் பேர் போட்டோவில் இல்லை!

*

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நண்பரே, (மானேஜர் வருகிறாரா, ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்) இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

பிகாசா ரொம்ப நல்ல பிள்ளை. உங்கள் ஒரிஜினல் படத்தைத் தொடவே தொடாது. நீங்கள் வெட்டினால், வெளிச்சம் போட்டால், நட்சத்திரம் வைத்தால், எல்லாவற்றையும் ஒரு சின்னக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளும். அந்த நோட்டின் பேர் 'பிகாசா.ஐ.என்.ஐ'. ஒவ்வொரு ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். திறந்து பார்த்தால், நீங்கள் ஆசையாக வைத்த நட்சத்திரம் 'ஸ்டார்=எஸ்' என்று ஒரு வரியாக இருக்கும். ராஜாமணி அத்தை, முகம் இருக்கிற கட்டத்தின் அளவும் ஒரு நீள நம்பருமாக இருப்பார். படத்தைத் திறக்கும்போது பிகாசா இந்த நோட்டைப் படித்து, அதன்படி அலங்காரம் செய்து உங்களுக்குக் காட்டும்.

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஒரிஜினலைக் கெடுக்காமல் வைப்பது உத்தமமான வழி. அபெர்ச்சரும் தனக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தது. சிக்கல் எங்கே என்றால், அந்த நோட்டின் பாஷை அந்த ஸாஃப்ட்வேருக்குத்தான் முழுசாகத் தெரியும். அது போய்விட்டால் நோட்டு இருக்கும், படிக்க ஆள் இருக்காது. படத்தை மட்டும் பென் டிரைவில் காப்பி பண்ணினால் நோட்டே வராது. வீடு மாற்றும்போது பீரோ, கட்டில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டு, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை மறந்துவிட்டுப் போவது போல.

வேடிக்கை என்னவென்றால், அதே பிகாசாவில் படத்துக்குக் கீழே 'காப்ஷன்' எழுதினால் அது ஜேபெக் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே வரும். நட்சத்திரம் நோட்டில், காப்ஷன் படத்தில். திரையில் பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். மூடுவிழாவன்றுதான் எது நம்முடையது, எது அவர்களுடையது என்று தெரிகிறது.

அந்தக் காலத்து ஸ்டூடியோ படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை. அதற்குக் கீழே தாத்தா பென்சிலில் எழுதியிருப்பார்: 'இடமிருந்து வலம்...' ஸ்டூடியோவை மூடி எத்தனையோ வருஷம் ஆகி, அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை இருக்கும். பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அது ஸ்டூடியோக்காரன் நோட்டில் இல்லை, படத்தின் முதுகில் இருக்கிறது.

கூகுள் போட்டோஸுக்கு மாறியவர்களுக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன. பிகாசாவில் முகங்களுக்கு வைத்த பேர்கள் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளவில்லை. அங்கே மறுபடியும் முதலிலிருந்து 'இது யார்?' கேள்விதான். நமக்கென்ன, அத்தையைத் தெரியும், இன்னொரு முறை சொல்லிவிடுவோம். ஆனால் மூன்றாவது வரிசையில் குடுமியோடு நிற்கிறவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை.

*

ஒரு ஸாஃப்ட்வேர் சாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது அறிகுறி உண்டா? உண்டு. திடீரென்று அது மலிவாகும். இல்லாவிட்டால் இலவசமாகும்.

'பிக்னிக்' என்று ஒன்று இருந்தது. இன்டர்நெட்டிலேயே படம் திருத்தலாம். 2010 மார்ச்சில் கூகுள் வாங்கியது. 2012 ஜனவரியில், காசு கட்டினால்தான் கிடைக்கும் என்றிருந்த வசதிகளையெல்லாம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏன்? ஏப்ரல் 19-ல் மூடப் போகிறார்கள்! தூக்குமேடைக்கு முன்னால் 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டு பிரியாணி போடுகிற மாதிரி. (அதைச் செய்தவர்களில் சிலர் வெளியே வந்து 'பிக்மங்கி' என்று புதுக்கடை போட்டார்கள்.)

அடுத்து 'நிக் கலெக்ஷன்'. போட்டோகிராபர்கள் போற்றிய பில்டர்களின் தொகுப்பு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அதன் 'ஸில்வர் எஃபெக்ஸ்' போல உண்டா என்பார்கள். சுமார் 500 டாலர் விலை. 2012-ல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2013-ல் விலை 149 டாலர். 2016 மார்ச்சில் இலவசம். அந்த வருஷம் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். 2017 மே மாதம், 'இனி இதில் எந்த வேலையும் செய்யப் போவதில்லை' என்று நோட்டீஸ்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 2017 அக்டோபரில் டி.எக்ஸ்.ஓ. என்ற பிரெஞ்சுக் கம்பெனி நிக்கை விலைக்கு வாங்கியது. 2018-ல் புதுப் பதிப்பு வெளிவந்தது, மறுபடி காசுக்கு. யாராவது புலம்பினார்களா? பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். காசு வாங்குகிறவன் கடை திறந்து வைப்பான் என்கிற நம்பிக்கை.

அதுவும் நிச்சயமில்லை, பாருங்கள். 499 டாலர் கொடுத்து அபெர்ச்சர் வாங்கியவன் கதையைத்தான் முதலிலேயே பார்த்தோமே!

*

பி.காம்.மில் 'கோயிங் கன்ஸர்ன்' என்று ஒரு பாடம். ஒரு கம்பெனி நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும் என்று நம்பித்தான் அதன் கணக்கை எழுத வேண்டும். மூன்று மார்க் கேள்வியாக அடிக்கடி வரும். நாமும் அந்தத் தைரியத்தில்தான் ஸாஃப்ட்வேரை நம்புகிறோம். 'கூகுள் எங்கே போகப் போகுது? ஆப்பிள் எங்கே போகப் போகுது?'

கம்பெனி எங்கேயும் போகவில்லை. அதுதான் ஜோக்! பஜ்ஜிக் கடை திவாலாகி மூடினால் பஜ்ஜி கிடைக்காது, புரிகிறது. இங்கே கடை பத்து மாடி ஏறிவிட்டது, பஜ்ஜியை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கடைக்குப் பெரிய வியாபாரம் வந்துவிட்டது. ஜனங்கள் காமிராவை விட்டு செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால் கம்பெனிக்கு வரவு இல்லை, தங்கள் கிடங்கில் வந்து சேர்ந்தால் மாத வாடகை வாங்கலாம். கூகுள் போட்டோஸிலும் ஆரம்பத்தில் அளவில்லாமல் இலவசமாகத்தான் வைத்துக்கொண்டார்கள். 2021 ஜூன் 1-லிருந்து 15 ஜி.பி. வரைதான் இலவசம், அதிலேயே ஈமெயிலும் அடக்கம். மேலே போனால் மாதாமாதம் மொய்.

அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. லாபமில்லாத சரக்கை நிறுத்தக் கம்பெனிக்கு உரிமை உண்டு. காமர்ஸ் படித்துவிட்டு அதை மறுக்க முடியாது. ஆனால் என்னுடைய ஒரு கேள்விக்கு எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் பதில் இல்லை. படம் நம்முடையது, ஸாஃப்ட்வேர் அவர்களுடையது, சரி. உட்கார்ந்து பேர் போட்ட அத்தனை ராத்திரிகளும் யாருடையது?

யாருக்குமே சொந்தமில்லாத ஸாஃப்ட்வேரும் உலகத்தில் உண்டு. 'கிம்ப்' என்ற படம் திருத்தும் ஸாஃப்ட்வேரை 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி யுனிவர்சிட்டியில் இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம் என்று திறந்து வைத்தார்கள். ஆரம்பித்தவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் வேறு வேறு ஆட்கள் தூக்கி வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் அதன் மூன்றாவது பெரிய பதிப்பு வந்தது. பழகக் கொஞ்சம் கடினம், பிகாசாவின் செல்லம் அதில் கிடையாது. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆபீஸர் கையெழுத்துப் போட்டு அதை மூட முடியாது. ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. தூர் வாராவிட்டால் பாசி பிடிக்கும், பூட்டுப் போட ஆள் இல்லை.

*

பெரியப்பா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலை காப்பி முடிந்ததும் உட்கார்ந்தோம். முதலில் ஃபோல்டர்களை, ஒளிந்திருக்கும் நோட்டுகளோடு சேர்த்து, அப்படியே ஒரு தனி டிஸ்க்கில் காப்பி. பிறகு பிகாசாவில் டூல்ஸ், அதற்குள் ஆப்ஷன்ஸ், அதில் 'நேம் டாக்ஸ்'. பேரைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லும் கட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் டிக். ஏற்கெனவே போட்ட பேர்களுக்கு, டூல்ஸிலேயே 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற பகுதியில், முகங்களைப் படத்துக்குள் எழுதும் கட்டளை. அதைத் தட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போனோம்.

முடிந்ததும் என் லாப்டாப்பில் 'டிஜிகேம்' என்ற இன்னொரு இலவச ஸாஃப்ட்வேரில் அந்தப் படங்களைத் திறந்தேன். பேர்கள் வந்து நின்றன. குடுமிக்காரர் உள்பட. அவர் பெரியப்பாவின் தாத்தாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாராம்.

"இதான் முன்னாடியே தெரிஞ்சுதே" என்றார் பெரியப்பா. அவரைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. எந்த ஆப்பில் படம் திருத்தினாலும், பிடித்த படத்தை ஜேபெக்காக ஒரு காப்பி வெளியே எடுத்து வையுங்கள். திருத்தம் அதில் ஊறிப் போய்விடும், யாராலும் பிடுங்க முடியாது. பேர், ஊர், தேதியைப் படத்துக்குள் எழுதும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஃபைல் பேரிலேயே எழுதிவிடுங்கள், '1987 மதுரை அத்தை கல்யாணம்' என்று. முக்கியமான இருபது படங்களைப் பிரிண்ட் போட்டுப் பின்னால் பேர் எழுதி வையுங்கள். 'விலை அதிரடிக் குறைப்பு' என்று உங்கள் ஸாஃப்ட்வேரிலிருந்து ஈமெயில் வந்தால் அன்றைக்கே இதையெல்லாம் ஆரம்பித்துவிடுங்கள்.

கடன் வாங்கியவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வை என்கிறது கணக்குப் பதிவியல். அவன் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. பணம் நம்முடையது என்று அர்த்தம்.